கைக்கடிகாரமும் கைமாறும் விலையும்

திருவல்லிக்கேணியில் என் இளமைக் காலத்தில் கைக்கடிகாரம் வாங்கப் புறப்படும் குடும்பத்தார், விலையைக் கேட்பதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். 'பழுதானால் நம் தெருவிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?' என்பது ஒன்று. 'அவசரத்துக்குக் கொடுத்தால் என்ன தேறும்?' என்பது மற்றொன்று. நகை வாங்குவோர் கேட்கும் கேள்விகளைக் கடிகாரத்துக்கும் கேட்டார்கள் என்று இக்காலத்து இளைஞர்கள் நகைக்கக்கூடும். ஆனால் மாதச் சம்பளக்காரன் வீட்டில் பொன்னுக்கு அடுத்தபடியாகக் கைமாற்றத்தக்க பொருள் கடிகாரம் ஒன்றே என்றிருந்த காலம் அது. இவ்விரு கேள்விகளும் பார்வைக்கு வேறுவேறானவை, உண்மையில் ஒன்றே. எதைக் குறைந்த கூலியில் பழுது பார்க்க முடிந்ததோ அதுவே விலை போயிற்று. கடிகாரத்தின் மறுவிற்பனை விலையைத் தீர்மானித்தவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற வியாபாரி அல்லர். தெருமுனையில் மேஜை போட்டு, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு குனிந்திருந்த தொழிலாளியே. இதற்குச் சான்றாக நம் நகரத்தின் கடிகார வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

நேரத்தை நுட்பமாக அளக்கும் வழக்கம் சென்னைக்குப் புதியதன்று. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வுக் கூடம் அமைத்தனர். அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் 1802-இல் சென்னையின் நேரத்தை வரையறுத்தார். கிரீன்விச் நேரத்தைவிட அது 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. கோட்டையில் இரவு 8 மணிக்கு வெடிக்கும் பீரங்கியைக் கேட்டு ஊரார் தத்தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர். பின்னர் இந்திய இருப்புப்பாதைகளும் சென்னை நேரத்தையே பின்பற்றின. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது, சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே தள்ளி வைக்கப்பட வேண்டியவை ஆயின. இருபத்துநான்கு நிமிடத்தை ஒரு நாழிகை என்று எண்ணி முகூர்த்தம் குறிக்கும் மக்களுக்கு ஒன்பது நிமிடம் அற்பமாகத் தோன்றியிருக்கலாம். ரயிலைப் பிடிப்பவனுக்கு அப்படி அன்று.

கடிகார வணிகம் இங்கே வேரூன்றியதும் அந்த நூற்றாண்டில்தான். 1849-இல் தோன்றிய பி. ஆர் அண்டு ஸன்ஸ் என்னும் நிறுவனத்தை அறியாத சென்னைவாசி அக்காலத்தில் இல்லை. மவுண்ட் ரோடில் மணிக்கூண்டோடு அதற்கு எழுந்த கட்டடம் 1873-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்த திட்டம். திருவல்லிக்கேணியிலிருந்து வாலாஜா சாலை வழியே நடந்தால் எட்டிவிடும் தூரம். ஆயினும் அந்தப் படிகளில் ஏறியவர்கள் துரைமார்களும் ஜமீன்தார்களும் வழக்கறிஞர்களுமே. நம் பேட்டைக் குமாஸ்தாக்களிடம் அந்தக் கடையின் பெயர் பொறித்த சட்டைப்பைக் கடிகாரம் வந்து சேர்ந்ததென்றால், அது இரண்டாவது அல்லது மூன்றாவது கைக்கு வந்ததாகவே இருக்கும். பயன்படுத்திய கடிகாரத்தை வாங்குவது நம்மவர்களுக்கு இழுக்காகத் தோன்றவில்லை. நல்ல இயந்திரம் கைமாறுவதால் கெட்டுவிடுவதில்லை என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

மலிவான கடிகாரமும் அந்நாளிலேயே உலகில் பிறந்துவிட்டது. ஸ்விட்ஸர்லாந்தில் ராஸ்கோப் என்பவர் உழைப்பாளியின் கடிகாரம் என்று ஒன்றைச் செய்து, 1867-இல் பாரிஸ் பொருட்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். உறுப்புகளைக் குறைத்து, கல் பதிக்க வேண்டிய இடத்தில் எஃகு ஊசியை வைத்து அவர் விலையை இறக்கினார். அமெரிக்காவில் இங்கர்சால் கம்பெனியார் 1896-இல் ஒரு டாலருக்கே சட்டைப்பைக் கடிகாரம் விற்றனர். காந்தியடிகள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த கடிகாரங்களுள் இங்கர்சாலும் ஒன்று என்பதை நேயர்கள் அறிந்திருப்பார்கள். ஆனால் மலிவாக வாங்குவது வேறு, மலிவாக வைத்துக்கொள்வது வேறு. ஊசி வைத்த இயந்திரம் தேய்ந்தபின் அதைச் சீர்ப்படுத்தும் கூலி, கடிகாரத்தின் விலையை எட்டிவிடும். ஆகவே அது ஓடும்வரை ஓடும். நின்றபின் குழந்தையின் விளையாட்டுப் பொருளாகும். அடகுக் கடைக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கமாட்டார்.

சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்குக் கடிகாரம் ஏறியது முதல் உலகப் போரின் விளைவு. பதுங்குகுழியில் கிடக்கும் சிப்பாய் சங்கிலியை இழுத்து நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்தியப் படையினர் பலர் அணிந்தது வெஸ்ட் எண்டு கம்பெனியின் கைக்கடிகாரம். ஸ்விஸ் வணிகர்கள் பம்பாயில் 1886-இல் தொடங்கிய நிறுவனம் அது. குதிரைவீரனைக் குறிக்கும் 'சவார்' என்ற நம் நாட்டுச் சொல்லையே ஒரு கடிகாரத்துக்குப் பெயராக வைத்தது. 1865 முதல் பம்பாயில் கடை வைத்திருந்த ஃபேவர் லூபா நிறுவனமும் அதைப்போலவே இந்நாட்டில் நன்றாக ஊன்றியது. ஸீ கிங், ஸீ சீஃப் என்ற அதன் கைக்கடிகாரங்கள் சென்ற தலைமுறையினரின் மணிக்கட்டுகளில் மிகுதியாகக் காணப்பட்டன. ரோமர், ஸாண்டோஸ், காமி என்று வேறு பல பெயர்களும் நம் காதுகளுக்குப் பழகியவை.

இத்தனை பெயர்களுள் எதைத் தேர்வது? அதை விளங்கிக்கொள்ளக் கடிகாரத்தின் உட்புறத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சாவி கொடுக்கும்போது நாம் ஒரு சுருள்வில்லை இறுக்குகிறோம். அது விரிய முயன்று பற்சக்கரங்களைத் தள்ளுகிறது. தடையின்றி விட்டால் சில நொடிகளில் முழுவதும் விரிந்து ஓய்ந்துவிடும். அதைத் தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு பல்லாக விடுவிப்பது நங்கூர வடிவான ஒரு நெம்புகோல். அந்த நெம்புகோலுக்குக் கட்டளையிடுவது இப்புறமும் அப்புறமும் ஆடிக்கொண்டிருக்கும் பாலன்ஸ் சக்கரம். அந்த ஆட்டத்தைச் சீராக வைப்பது அதனோடு பிணைந்த மயிரிழை போன்ற வில். வழக்கமான பழைய கைக்கடிகாரத்தில் இந்தச் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை அடிக்கும். மணிக்கு 18,000, நாள் ஒன்றுக்கு 4,32,000. கலியுகத்துக்குப் பெரியோர்கள் சொல்லும் ஆண்டுக் கணக்கும் இதே எண் என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பெருக்கல் கணக்கு அவர்களுக்கு மறக்காமல் இருப்பதற்கு அது உதவிற்று. ஒரு நாளைக்கு அரை நிமிடம் பின்தங்கும் கடிகாரத்தைக் குறை சொல்லுகிறோமே, அது செய்யும் பிழை 2,880-இல் ஒரு பங்குதான். மனிதர் செய்யும் எத்தனை வேலைகளில் இவ்வளவு நேர்த்தி உண்டு?

அடிக்கும் இடத்திலும் சுழலும் இடத்திலும் தேய்மானம் ஏற்படாமலிருக்கச் செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்படுகின்றன. சாவி கொடுக்கும் நல்ல கடிகாரத்துக்குப் பதினேழு கல் போதும். அதற்குமேல் கல்லை அடுக்கி முகப்பில் எண்ணை அச்சிடுவது பெரும்பாலும் வியாபாரத் தந்திரம். தானே சாவி ஏறும் அமைப்பில் மட்டும் கூடுதலாகச் சில கற்களுக்கு வேலை உண்டு. கல்லும் எஃகும் உராயும் இடங்களில் ஊசிமுனையளவு எண்ணெய் இடுகிறார்கள். சில ஆண்டுகளில் அது காய்ந்து பிசினாகிறது. அப்போது கடிகாரத்தை முழுவதும் பிரித்து, கழுவி, மறுபடியும் எண்ணெயிட்டுப் பூட்ட வேண்டும். இதற்குத்தான் நம் ஊரில் 'ஓவராயில்' என்று பெயர். கடற்கரை ஓரத்தில் குடியிருக்கும் நமக்கு உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து அந்தத் தேவையை விரைவுபடுத்துகின்றன. முலாம் பூசிய கூடு நம் வெயிலில் சீக்கிரம் அரிக்கும். எஃகுக் கூடு நெடுநாள் நிற்கும். இதை அறிந்தவர்கள் முகப்பின் அழகைப் பாராமல் கூட்டின் பின்மூடியைத் திருப்பிப் பார்த்து வாங்கினார்கள்.

பைகிராஃப்ட்ஸ் ரோடு என்று அந்நாளில் வழங்கிய பாரதி சாலையிலும் திருவல்லிக்கேணி ஹைரோடிலும் இத்தகைய தொழிலாளர்கள் பலர் இருந்தனர். கடை என்று சொல்வதற்கில்லை; வேறொரு கடையின் வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் கண்ணாடிக் கூண்டு, ஒரு விளக்கு. சாமணமும் திருப்புளிகளும் ஒரு தட்டில். கழுவும் பெட்ரோல் ஒரு கிண்ணத்தில். பிரித்த உறுப்புகள் காற்றில் பறக்காதபடி கவிழ்த்த கண்ணாடிக் குவளைகளின் அடியில். முஸ்லிம் பெரியவர்கள் பலர் இத்தொழிலில் தேர்ந்திருந்தனர். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் நின்று பார்க்கும் மேஜை அப்படிப்பட்ட ஒருவருடையது. "நிழலை மறைக்காதே தம்பி" என்பார்; போ என்று சொல்லமாட்டார். வாடிக்கையாளர் புதிய கடிகாரம் ஒன்றைக் காட்டி, "எப்படி பாய்?" என்று கேட்டால், முதலில் காதில் வைத்துக் கேட்பார், பிறகு மூடியைத் திறப்பார். முகப்பில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை அவர் கடைசியாகத்தான் பார்ப்பார். அக்காலத்தில் நான் கண்ட மிகச் சிறந்த போதனாமுறை அது என்று பிற்பாடு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயின்றபோது எனக்குத் தோன்றியதுண்டு.

அவர் பெயரைப் பாராமல் உள்ளே பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஸ்விட்ஸர்லாந்தில் கடிகாரம் விற்கும் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன; ஆனால் அவற்றுள் பல இயந்திரத்தைத் தாமே செய்யவில்லை. ஏ. ஷில்டு, எட்டா முதலிய ஆலைகள் செய்து தந்த இயந்திரத்தை வாங்கி, கூடும் முகப்பும் பூட்டித் தம் பெயரை அச்சிட்டன. அந்த இயந்திர ஆலைகள் 1926-இல் ஒரே குழுமமாக ஒன்றுசேரத் தொடங்கின. அதன் பயனாக, நான்கு வேறு பெயர்கள் தாங்கிய நான்கு கடிகாரங்களுக்குள்ளே ஒரே இயந்திரம் இருப்பது வழக்கமாயிற்று. ஒன்றின் சக்கரம் மற்றொன்றுக்குப் பொருந்தும். இத்தகைய பொதுவான இயந்திரம் உள்ள கடிகாரத்தைத் தெருமுனைத் தொழிலாளி அஞ்சாமல் கையில் எடுத்தார். கூலியும் குறைவாகக் கேட்டார். தனக்கென்று தனியாக இயந்திரம் செய்துகொண்ட உயர்ந்த கம்பெனிகளின் நிலை வேறு. ஃபேவர் லூபாவார் 1960-களில் இரண்டு சுருள்வில் பெட்டிகள் கொண்ட மெல்லிய இயந்திரம் ஒன்றைச் செய்தனர். மிக நேர்த்தியான வேலைப்பாடு. எனினும் அதில் ஓர் உறுப்பு முறிந்தால் இன்னொரு ஃபேவர் லூபாவை அழித்தே அதை எடுக்க வேண்டும். பெருமையும் பராமரிப்பும் எப்போதும் ஒரே திசையில் செல்வதில்லை.

இனி அடகுக் கடைக்கு வருவோம். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்களும் தனியாகத் தங்கிய குமாஸ்தாக்களும் ஓர் அறைக்கு மூவராகக் குடியிருந்த விடுதிகள் அவை. மாதக் கடைசி வாரத்தில் அவர்களிடம் இருந்த ஒரே உடைமை மணிக்கட்டில் இருந்தது. தங்கம் இல்லாதவனுக்குக் கடிகாரமே தங்கம். சேட்டுக் கடைக்காரர் அதை வாங்கி, காதில் வைத்து, மூடியைத் திறந்து பார்த்துத் தொகை சொல்லுவார். அடகு பிடிப்போரை ஒழுங்குபடுத்த 1943-இல் இம்மாகாணத்தில் சட்டம் வந்தது. சீட்டு எழுதித் தருவதும் வட்டிக்கு வரம்பும் அதனால் ஏற்பட்டன. ஆனால் பொருளின் மதிப்பு இவ்வளவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மீட்கப்படாத கடிகாரத்தை விற்க முடியுமா என்பது ஒன்றே கடைக்காரரின் கவலை. விற்பதற்கு முன் ஒருமுறை அதைச் சீர்செய்ய ஆகும் கூலியை அவர் மனத்துக்குள் கழித்துக்கொண்டுதான் தொகை சொன்னார். பழுதுபார்ப்போர் அஞ்சிய கடிகாரத்துக்கு அவரும் அஞ்சினார். பாயின் மேஜைக்கும் சேட்டின் பெட்டிக்கும் இடையே இருந்த இந்தத் தொடர்பை நான் கவனித்தபோது எனக்குப் பதினான்கு வயது இருக்கும். எங்கள் தெருவில் பரீட்சைக் கட்டணத்துக்காக இரண்டு அண்ணன்மார் தங்கள் கடிகாரங்களை ஒரே நாளில் கொண்டுபோய் வைத்தார்கள். பெரிய பெயர் பொறித்த கடிகாரத்துக்குக் கிடைத்த தொகையைவிட, பெயர் தெரியாத எஃகுக் கடிகாரத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது. வீட்டார் இதை ஒரு வாரம் பேசினார்கள்.

அடகில் மூழ்கியவை பல மூர் மார்க்கெட்டில் தலைகாட்டும். 1900-இல் திறந்து 1985-இல் தீக்கிரையான அந்தச் செந்நிறக் கட்டடத்தில் பழைய புத்தகங்களோடு பழைய கடிகாரங்களும் கிடைத்தன. பேரம் பேசத் தெரிந்தவருக்கு நல்ல பொருள். தெரியாதவருக்கு நல்ல பாடம்.

விடுதலைக்குப் பின் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அயல்நாட்டுக் கடிகாரங்களின் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. தட்டுப்பாடு உள்ள இடத்தில் கள்ளக்கடத்தல் தழைக்கும். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு இங்கே கருதத்தக்கது. கடத்தல் பொருள் என்று நியாயமான நம்பிக்கையின் பேரில் பிடிக்கப்பட்ட பொருளை, அது கடத்தியதன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர் தலையிலேயே விழும் என்கிறது அந்தப் பிரிவு. எல்லாப் பொருளுக்கும் அன்று. பெயர் சொல்லிக் குறித்த சிலவற்றுக்கு மட்டும். தங்கத்தோடு ஒரே வரிசையில் கடிகாரத்தையும் அங்கே வைத்தார்கள். திருவல்லிக்கேணிக் குமாஸ்தாவின் கணக்கும் அரசாங்கத்தின் கணக்கும் ஒத்துப்போன இடம் இது. அதன்பின் பழைய கடிகாரத்தை விற்பவரிடம் ரசீது உண்டா என்று கேட்பது வழக்கமாயிற்று. ரசீதோடு கூடிய கடிகாரம் கூடுதல் விலை பெற்றது. இன்றைக்கும் பழைய ரசீதையும் பெட்டியையும் காப்பாற்றி வைத்திருப்பவர் நல்ல விலை பெறுகிறார்.

அந்தச் சூழ்நிலையில் வந்தது எச்.எம்.டி. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம் ஜப்பானின் ஸிட்டிஸன் கம்பெனியாரின் துணையோடு பெங்களூரில் கடிகார ஆலை அமைத்தது. அதன் முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு 1961-இல் வெளியிட்டார். ஜனதா, பைலட், ஜவான், ஸோனா, காஞ்சன் என்று நாட்டு மொழிகளிலும் பிற மொழிகளிலும் பெயர்கள் வந்தன. பார்வையற்றோர் தடவி மணியறியும் கடிகாரமும் செய்தார்கள். பின்னர் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆகிய இடங்களிலும் ஆலைகள் தோன்றின. நீண்ட காலம் தேவைக்கு ஈடாக உற்பத்தி நடக்கவில்லை, காத்திருந்து வாங்கினோம்.

எச்.எம்.டி.யின் பெருமை அதன் முகப்பில் இல்லை. ஜனதாவுக்குள்ளும் பைலட்டுக்குள்ளும் ஒரே அமைப்புள்ள பதினேழு கல் இயந்திரம் இருந்தது என்பதில்தான் இருக்கிறது. காஷ்மீரத்தில் விற்றதற்கும் கன்னியாகுமரியில் விற்றதற்கும் வேறுபாடில்லை. ஆகவே நாடெங்கும் ஒவ்வொரு சிற்றூர்த் தொழிலாளியும் அந்த ஓர் இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக் கற்றார். உதிரி உறுப்புகள் பொட்டலம் பொட்டலமாக மேஜை இழுப்பறைகளில் நிறைந்தன. ஸ்விஸ் கடிகாரம் வைத்திருந்தவர்கள் எச்.எம்.டி.யைச் சிறிது ஏளனமாகப் பார்த்ததுண்டு. தொழிலாளிகள் அவ்வாறு பார்க்கவில்லை. 1984-இல் ஆசிரியர் வேலையில் அமர்ந்தபோது எதை வாங்குவது என்று நான் மேஜைக்காரப் பெரியவரிடமே கேட்டேன். "ஜனதா வாங்குங்க சார். நான் போனாலும் என் பையன் பார்ப்பான், அவன் இல்லாவிட்டாலும் எந்த ஊரில் யாராவது பார்ப்பார்" என்றார். அவர் என்னைத் தம்பி என்பதை விட்டு முதன்முறையாக சார் என்றதும் அன்றுதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் பரீட்சைக் கூடங்களில் அந்த ஜனதாவைப் பார்த்தே முதல் மணியும் இறுதி மணியும் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு நாள் காலையிலும் வானொலிச் செய்திக்கு முன்வரும் நேர ஒலியைக் கேட்டுத் திருத்திச் சாவி கொடுப்பது வழக்கம். இங்கே ஓர் எச்சரிக்கை: கடிகாரத்தை வானொலிப் பெட்டியின்மேல் வைக்கலாகாது. ஒலிபெருக்கியில் உள்ள காந்தம் மயிரிழை வில்லைப் பற்றிக்கொண்டால் கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கும்.

நான் ஜனதா வாங்கிய அதே ஆண்டில் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி டைட்டன் கம்பெனியை நிறுவின. ஒசூரில் ஆலை எழுந்தது. ஆனால் அது செய்தது குவார்ட்ஸ் கடிகாரம். ஜப்பானின் ஸீகோ கம்பெனியார் 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத் துண்டின் முன்னே ஐந்து முறை அடிக்கும் சக்கரம் என்ன செய்யும்? ஸ்விட்ஸர்லாந்திலேயே பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். 1983-இல் அந்நாட்டார் ஸ்வாட்ச் என்று பிளாஸ்டிக் கடிகாரம் செய்தார்கள், 51 உறுப்புகள், பின்மூடியே கிடையாது. பழுது பார்ப்பதற்கென்றே இடம் வைக்காமல் செய்த கடிகாரம் அது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நேரம் காட்டுவதற்கு அது மிகச் சிறந்த கருவி. ஆயினும் பைகிராஃப்ட்ஸ் ரோடு மேஜைகளில் வேலை குறைந்தது. மின்கலம் மாற்றுவதும் தோல்வார் பொருத்துவதும் மிஞ்சின. அடகுக் கடைக்காரர்கள் கடிகாரத்தை வாங்க மறுத்தனர். செல்பேசி வந்தபின் இளைஞர் பலர் மணிக்கட்டை வெறுமையாகவே விட்டுவிட்டனர்.

எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனங்களை மூட மத்திய அமைச்சரவை 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பின்னாகப் புதுமை ஒன்று நிகழ்ந்தது. யாரும் சீந்தாமல் கிடந்த ஜனதாவும் பைலட்டும் விலை ஏறத் தொடங்கின. தாத்தாவின் கடிகாரத்தைத் தேடிப் பேரன்கள் வந்தார்கள், அயல்நாடுகளிலிருந்தும் விசாரித்தார்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஓர் உயிர் இருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். தேவை கூடியதும் போலியும் கூடிற்று. பழைய முகப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, பச்சையும் ஆரஞ்சுமாகப் புதுச்சாயம் பூசி, எந்த ஆலையும் வெளியிடாத கோலத்தில் விற்கிறார்கள். மூன்று கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து நான்காவது ஒன்றைப் பிறப்பிக்கிறார்கள். இத்தகைய சாயம் பூசிய பழைய ஸ்விஸ் கடிகாரங்களுக்கு மேல்நாட்டுச் சேகரிப்போர் பம்பாயின் பெயரையே கேலியாகச் சூட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே இன்று சாவி கொடுக்கும் கடிகாரம் வாங்க விரும்புவோர் பழைய திருவல்லிக்கேணி முறையையே கையாளலாம். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். இயந்திரத்தில் துருவும் திருகுத் தலைகளில் சிதைவும் இல்லாதிருக்க வேண்டும். திருகுகள் சிதைந்திருந்தால் தகுதியற்ற கை உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். முகப்பு பழுப்பேறியிருந்தால் அஞ்ச வேண்டாம். மூப்பை மறைக்காத முகப்பே விற்கும்போதும் விலை பெறும். பளபளக்கும் முகப்பைத்தான் ஐயுற வேண்டும். சாவி கொடுத்துப் படுக்க வைத்தும் நிமிர்த்தி வைத்தும் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு நிலையிலும் ஓட்டம் பெரிதும் மாறுபட்டால் பாலன்ஸ் அச்சு தேய்ந்திருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு முன்பே பழுது பார்ப்பவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவோர்க்கு ஜப்பானிய ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள் உண்டு. அவை உறுதியானவை, விலையும் தாங்கத்தக்கது. ஆனால் அவற்றின் இயந்திரம் அவ்வளவு மலிவாகச் செய்யப்படுவதால், பழுதுற்றால் பிரித்துக் கழுவுவதைவிட முழு இயந்திரத்தையும் எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது ஆதாயம் என்கிறார்கள் கடைக்காரர்கள். கூலியைப் பொறுத்தவரை அது உண்மைதான். அதைச் செய்யத் தொழிலாளி வேண்டியதில்லை என்பதும் உண்மை.

உயர்ந்த ஸ்விஸ் கடிகாரங்களிலோ நிலைமை தலைகீழ். எட்டா ஆலையை உடைய குழுமத்தார் இயந்திர உறுப்புகளை வெளியாருக்குத் தருவதைக் குறைக்கப்போவதாக 2002-இல் அறிவித்தனர். அந்நாட்டுப் போட்டி ஆணையமே தலையிட நேர்ந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் சுதந்தரமாகத் தொழில் செய்வோருக்கு உதிரி உறுப்பு கிடைப்பது உலகெங்கும் அரிதாயிற்று. கம்பெனியின் நிலையத்துக்கே அனுப்பி, கம்பெனி கேட்கும் கூலியைக் கொடுக்க வேண்டும். எந்த இயந்திரம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் பெயரற்ற கடிகாரங்கள்கூட நம் தெருவில் விலை போயினவோ, அந்த இயந்திரத்துக்கே இப்போது வேலி.

ஜனதாவின் உறுப்புகளும் இனிப் புதிதாக வரப்போவதில்லை. சென்ற ஆண்டு என் கடிகாரத்தை ஓவராயிலுக்குக் கொடுக்கப் போயிருந்தேன். பெரியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவர் சொன்னபடியே மகன்தான் மேஜையில் இருக்கிறார். அவருக்கும் அறுபதை நெருங்கும் வயது. இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஓடாத எச்.எம்.டி. கடிகாரங்கள் ஐம்பது அறுபது, முகப்புக் கழன்றவை, முள் இல்லாதவை, கூடு அரித்தவை. மொத்தமாகப் பழைய சாமான் வியாபாரியிடம் பேசி வாங்கியவையாம். ஒன்றிலிருந்து பாலன்ஸ், மற்றொன்றிலிருந்து சுருள்வில் என்று எடுத்து ஓடுகிறவற்றுக்குப் பூட்டுகிறார். "இது எத்தனை வருஷத்துக்குக் காணும் பாய்?" என்று கேட்டேன். "நான் இந்த மேஜையில் இருக்கிற வரைக்கும் காணும் சார்" என்றார். கூலியாக அவர் கேட்டது ஒரு புதுத் தோல்வாரின் விலைதான். கடிகாரத்தை ஒரு வாரம் வைத்திருந்து, ஓட்டத்தைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி, கவிழ்த்த குவளையின் அடியில் வைத்தார்.